பழைய மாணவன் எண்டால் ஆர்?

கோடை தொடங்கினால் லண்டனில் எங்கட ஊர்ப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் ரீசேட்டில் ஏறிவிடும். ஒரு ஞாயிறு கிரிக்கெட், அடுத்த ஞாயிறு உதைபந்தாட்டம், அதற்கடுத்த கிழமை ஹரோவிலோ வெம்பிளியிலோ ஒரு மண்டபத்தில் இராப்போசன விருந்து. ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தால் இங்கே அதற்கு ஒரு சங்கம் இருக்கும். சில பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு சங்கம். (ஏன் இரண்டு என்று என்னைக் கேளாதேங்கோ.)

இதைப் பகிடி பண்ணுவதற்காக எழுதவில்லை. ஊரை விட்டு வந்த சனத்துக்கு ஊரின் பெயரைச் சொல்லிக் கூட ஓர் இடம் வேணும். கோயில் ஓர் இடம், பள்ளிக்கூடம் இன்னோர் இடம். கோயிலில் சாமியைப் பார்க்கலாம், பள்ளிக்கூடத்தில் பதினாறு வயதில் இருந்த எங்களைப் பார்க்கலாம். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கன காலமாக ஒரு கேள்வி மண்டைக்குள் கிடந்து குடைகிறது. பழைய மாணவன் என்றால் யார்? அந்த வாங்கில் இருந்த எல்லாருமா, இல்லாவிட்டால் சோதனை பாஸ் பண்ணினவர்கள் மட்டுமா?

நான் படித்தது பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் அதுதான் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். நீங்கள் வேறு பள்ளிக்கூடம் என்றால் பெயரை மட்டும் மாற்றி வாசியுங்கோ. கதை பெரிதாக மாறாது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இலங்கையின் வடக்கு முனையில் இருக்கிற துறைமுகப் பட்டினம் பருத்தித்துறை. வெளிச்சவீடு, ஓடக்கரைத் தோசை, தட்டை வடை, கொஞ்சம் தள்ளி வல்லிபுர ஆழ்வார் கோயில். கடலுக்குக் கிட்டத்தான் கல்லூரி. 1838இல் மெதடிஸ்த மிசனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தொடக்கி வைத்தது. ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழுக்குக் கொண்டு வந்தாரே, அதே பேர்சிவல்தான். ஹாட்லி என்ற பெயர் 1916இல் வந்தது. மார்ஷல் ஹாட்லி என்ற மெதடிஸ்தப் பெரியவரின் பெயர் அது. தாமோதரம் அதிபர் காலம், பூரணம்பிள்ளை அதிபர் காலம் என்று எங்கட ஊர்ப் பெரிசுகள் இப்பவும் காலத்தைப் பிரித்துச் சொல்லுவினம், அரசர் காலம் சொல்லுகிற மாதிரி.

அங்கே படித்த பெரியவர்கள் என்று மேடையில் ஏறினவுடன் சொல்லுகிற பெயர்கள் சில இருக்கு. பேராசிரியர் எலியேசர் ஒருவர். கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்து, பிறகு இலங்கை, மலாயா, அவுஸ்திரேலியா என்று கணிதம் படிப்பித்தவர். பேராசிரியர் துரைராசா இன்னொருவர். அவரும் கேம்பிரிட்ஜ்தான். பாரம் ஏறும்போது களிமண் எப்படி விட்டுக்கொடுக்கிறது என்பது பற்றி ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்ற இரண்டு பேரோடு சேர்ந்து அவர் 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். மண் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்தக் கட்டுரையில் இருந்து வந்த ‘காம் கிளே’ என்ற மாதிரியைப் படிக்காமல் போக ஏலாது.

எனக்கும் இவர்களில் பெருமைதான். ஆனால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கோ. துரைராசா அவர்களைப் பற்றி வடமராட்சிச் சனம் சொல்லுகிற கதை கேம்பிரிட்ஜ் கதை இல்லை, சைக்கிள் கதை. யுத்த காலத்தில், பெற்றோல் இல்லாத நாட்களில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மற்ற எல்லாரையும் போல சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனார் என்பதுதான் அந்தக் கதை. 1994இல் அவர் காலமானபோது ஊர் அழுததற்குக் காரணம் களிமண் கட்டுரை இல்லை. வெளியில் இருக்க எல்லா வசதியும் இருந்த மனிசன் எங்களோடு இருந்தார் என்பதுதான். சங்கங்கள் ஒரு மனிசனில் எதை எண்ணுகின்றன, ஊர் எதை எண்ணுகிறது என்று இதிலேயே விளங்கும்.

1838இலிருந்து இன்று வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை ஆயிரம் பேர் இருந்து எழும்பியிருப்பார்கள்? அதில் மேடையில் சொல்லுகிற பெயர் ஒரு ஐம்பது வருமா? மிச்சப் பேர் எல்லாம் எங்கே?

என்னுடைய வகுப்பையே எடுக்கிறேன். 1990இல் ஆறாம் ஆண்டில் நாங்கள் 42 பேர். அந்த வருசம் யூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் போனது. பொருளாதாரத் தடை வந்தது. ஆறாம் ஆண்டில் போன கரண்டை ஓ.எல் வகுப்பு முடியும் வரைக்கும் நாங்கள் காணவில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறின கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. சிக்கன விளக்கு என்று பெயர். அதற்கு முன்னால் இருந்துதான் அட்சர கணிதம் செய்தோம். காலையில் எழும்பி மூக்குக்குள் விரல் விட்டால் கரிதான் வரும். இந்தப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சினிமாக் கதை என்று நினைக்கினம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு வந்தது. தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் பள்ளிக்கூடம் என்று இருந்ததெல்லாம் அகதி முகாம் ஆனது. நாங்கள் ஓ.எல்லுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த நேரம். 1996 ஏப்ரல், மே மாதங்களில் இராணுவம் வடமராட்சிக்குள் வந்தது. பருத்தித்துறையின் கரையோரம் உயர் பாதுகாப்பு வலயம் ஆகியது. எங்கட கல்லூரியும் மெதடிஸ்த பெண்கள் உயர்தரப் பாடசாலையும் அதற்குள் அகப்பட்டன.

இதற்குள்ளால் 1998இல் நாங்கள் ஏ.எல் எழுதினோம். நாங்கள் என்றால் 42 பேரும் இல்லை. எனக்குத் தெரிந்த அளவில் எங்கட வகுப்பில் ஆறு பேர் பல்கலைக்கழகம் போனார்கள். அதில் நானும் ஒருவன். விஞ்ஞான பீடம், இரண்டாம் வருசத்தோடு வெளிக்கிட்டு 2001இல் லண்டனுக்கு வந்து சேர்ந்தேன். ஆகவே பட்டம் எடுத்தது ஐந்து பேர்.

மற்றவர்கள்? ஒருவன் இப்பவும் முனையில் இருந்து கடலுக்குப் போகிறான். ஒருவன் ரொறன்ரோவில் லொறி ஓடுகிறான். ஒருவன் பாரிசில் லாச்சப்பலில் மரக்கறிக் கடையில் நிற்கிறான். ஒருவன் முல்லைத்தீவுப் பக்கம் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறான். எங்கள் எல்லாரிலும் உருப்படியான வேலை செய்கிறவன் அவன்தான் என்பது என் அபிப்பிராயம். இரண்டு பேர் ஷெல் விழுந்து செத்துப்போனார்கள். மூன்று பேர் இயக்கத்துக்குப் போனார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். ஒருவன் 1996இல் சந்தைக்குப் போனவன், அவனுடைய தாய் இப்பவும் கேஸ் கட்டோடு அலைகிறா. கன பேர் ஓ.எல்லோடு நின்று கடை, கமம், மேசன், தச்சு என்று போனார்கள். வீட்டில் மூத்த பிள்ளை என்றால் அப்போது வேறு வழி இல்லை.

இவர்கள் எல்லாரும் ஹாட்லி இல்லையா? அதே மணிச் சத்தத்துக்கு ஓடினவர்கள், அதே மாஸ்டரிடம் பிரம்படி வாங்கினவர்கள். பிறகு எப்படி ‘ஹாட்லியன்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கட மனதில் ஒரு டொக்டரும் ஒரு என்ஜினியரும் ஓர் எக்கவுண்டனும் மட்டும் வந்து நிற்கினம்?

இனி லண்டனுக்கு வாறேன்.

நான் கிங்ஸ்பரி ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறேன். கோப்பை கழுவித் தொடங்கி இப்போது தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். 183 பஸ்ஸில் வந்து இறங்கி ஒரு மசாலாத் தோசையும் பால் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போகிற எங்கட சனத்தில் பாதிப் பேருக்கு நான் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்பது தெரியும். கதைப்பார்கள், நல்ல மரியாதையாகத்தான் கதைப்பார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பழைய மாணவர் விருந்து எல்லாம் சனிக்கிழமை இரவில்தான் நடக்கும். சனி இரவு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவனுக்கு லீவு இல்லை. பெற்றோல் செட்டில் நிற்கிறவனுக்கும் இல்லை, ரக்சி ஓடுகிறவனுக்கும் அதுதான் உழைப்பு நாள். ஆக, சனி இரவு என்று திகதி போட்டவுடனேயே யார் வருவார், யார் வரமாட்டார் என்பது முடிவாகிவிடும். வேணும் என்று யாரும் செய்வதில்லை. ஆனால் திகதி போடுகிற கூட்டத்தில் எங்களைப் போல ஒருவரும் இல்லை என்பது அதில் தெரியும். ரிக்கெட் விலையையும் யோசியுங்கோ. 2025 ஏப்ரலில் இந்த நாட்டில் ஆகக் குறைந்த மணிச் சம்பளம் 12 பவுண் 21 பென்ஸ் ஆனது. புருசன், பெண்சாதி, இரண்டு பிள்ளை என்று ஒரு குடும்பம் விருந்துக்குப் போவதென்றால் எத்தனை மணித்தியாலம் கல்லுக்கு முன்னால் நிற்க வேணும் என்று கணக்குப் பார்க்க ஹாட்லியில் படித்திருக்கத் தேவையில்லை.

நாங்கள் அந்த மண்டபங்களுக்குப் போகாமலும் இல்லை. சாப்பாடு கொண்டு போவோம். மூன்று வருசத்துக்கு முன்னம் ஒரு சங்கத்தின் விருந்துக்கு எங்கட கடைச் சாப்பாடு. எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லமாட்டேன், என்னுடையது இல்லை. என்னோடு வந்த அண்ணை ஒருவர் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தவர். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றார். மேடையில் ஒவ்வொரு வருசத்து ஆட்களையும் கூப்பிட்டுப் படம் எடுத்தார்கள். அவருடைய வருசமும் வந்தது. மைக்கில் ஒருவர், “எங்கட பச்சில லண்டனில நாங்கள் ஒன்பது பேர்” என்றார். கை தட்டினார்கள். அண்ணை என்னைப் பார்த்து மெல்லமாக, “பத்து” என்றார். பிறகு சோறு போட்டார். அவர்களில் இரண்டு பேர் அவரை அடையாளம் கண்டு கட்டிப்பிடித்ததையும் சொல்ல வேணும். நல்ல மனிசர். ஆனால் மேடைக்கு வாடா என்று கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை, போவதற்கு இவருக்கும் தோன்றவில்லை.

இதை மனம் நொந்த கதையாக மட்டும் எடுக்க வேண்டாம். இதற்குப் பின்னால் காசு இருக்கு. யாரைப் பழைய மாணவன் என்று எண்ணுகிறோமோ அவருடைய கண்ணால்தான் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறோம். அந்தக் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதற்குத்தான் காசு போகும். பாஸ் பண்ணினவர்களின் சங்கம் பாஸ் பண்ணப்போகிறவர்களுக்குத்தான் பரிசு கொடுக்கும். மூன்று ஏ எடுத்த பிள்ளைக்குத் தங்கப் பதக்கம். ஒரு கட்டிடம், அதில் ஒரு கல், கல்லில் கொடுத்தவரின் பெயர். எனக்குத் தெரிய பெயின்ற் காயும் முன்னமே கல்லு வைத்த கட்டிடங்கள் இருக்கு. மூன்று ஏ எடுத்த பிள்ளை எங்கட பதக்கம் இல்லாவிட்டாலும் பல்கலைக்கழகம் போகும். ஓ.எல்லில் கணக்குப் பிழைத்து நின்ற பிள்ளைக்கு யார் என்ன செய்தோம்?

இலங்கையில் ஏ.எல் பாஸ் பண்ணித் தகுதி எடுத்தவர்களிலேயே பெரும்பகுதிக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. திறமை இல்லாததால் இல்லை, கதிரை இல்லாததால். அப்படி இருக்க, பல்கலைக்கழகம் போன தொகையை மட்டும் வைத்துப் பள்ளிக்கூடத்தை அளந்தால் அந்தக் கணக்கில் எப்போதும் தோற்றவர்கள்தான் கூட. ஒரு பள்ளிக்கூடம் தன்னுடைய பெரும்பான்மைப் பிள்ளைகளைத் தோல்வி என்று பதிந்துகொண்டு இருக்க ஏலுமோ? அண்மைய வருசங்களில் ஹாட்லிப் பெடியள் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் குண்டெறிதலிலும் தட்டெறிதலிலும் பதக்கம் எடுத்துக் கொண்டு வந்தார்கள். சோதனைப் பேப்பரில் வராத திறமையும் அந்த மண்ணில் இருக்கு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2022ஐ நினைத்துப் பாருங்கோ. டொலர் இல்லாமல் நாடு படுத்தது. அந்த மார்ச்சில் தாள் இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். கொழும்புக்கே அந்தக் கதி என்றால் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளம் கரையில் கிடந்த ஊர்களில் பிள்ளையின் படிப்பு என்னவாகும்? அப்படியான நேரத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தால் நிற்பது வாசிகசாலை இல்லாததால் இல்லை. பஸ் காசு, சப்பாத்து, காலைச் சாப்பாடு. இந்த மூன்றும்தான். இதில் எதற்கும் கல்லில் பெயர் வெட்ட ஏலாது.

இன்னும் ஒன்றைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பள்ளிக்கூட வாசல் எல்லாருக்கும் திறந்த கதை எங்கட பகுதியில் பழைய கதை இல்லை. வடமராட்சியில் சாதியின் பெயரால் படிப்பு மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1914இல் சூரன் என்ற பெரியவர் தேவரையாளிப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். மற்ற வாசல்கள் திறந்திருந்தால் அவருக்கு அந்தப் பாடு தேவைப்பட்டிருக்காது. பிள்ளைகள் எல்லாரும் ஒரே வாங்கில் இருப்பதா, சிலர் நிலத்தில் இருப்பதா என்று யாழ்ப்பாணத்தில் 1930 வாக்கில் பெரிய பிரச்சினையே நடந்தது. சம ஆசனம் என்று அதற்குப் பெயர். 1945இல் கன்னங்கரா கொண்டு வந்த இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் மிசன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்தது. அந்தக் காலத்தில் அதை எதிர்த்தவர்கள் எங்கட ஆட்களில் கன பேர், அதற்கு அவர்களிடம் காரணமும் இருந்தது. ஆனால் சம்பளம் கட்ட ஏலாத கடற்கரைப் பிள்ளையும் தோட்டக்காரன் பிள்ளையும் யாரிடமும் கெஞ்சாமல், உரிமையோடு வந்து இருந்தது இவற்றுக்குப் பிறகுதான். அப்படிக் கிடைத்த பொதுப் பள்ளிக்கூடத்தை இங்கே லண்டனில் வைத்து நாங்கள் திரும்பவும் ஒரு கிளப் ஆக்குகிறோம். நிலத்தில் இரு என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் மேசை வரிசையைப் பார்த்தால் விளங்கும்.

இதைக் கடையில் ஒருநாள் ஒரு சங்கத்து அண்ணையோடு கதைத்தேன். படித்தவர், நேர்மையானவர். அவர் சொன்ன பதிலையும் எழுதவேணும். “தம்பி, நீர் சொல்லுறது சரி. ஆனா காசு தாறது ஆர்? டொக்டர்மார்தான். அவைக்கு மேடையும் படமும் வேணும். அதைக் குடுக்காட்டி காசு வராது. காசு வராட்டி பள்ளிக்கூடத்துக்கு ஒண்டும் போகாது. நாங்கள் வேலையால வந்து இராத்திரி ஒரு மணி வரைக்கும் இருந்து இதைச் செய்யிறம். ஒரு சதம் எடுக்கிறேல்லை.”

உண்மை. அவர்கள் எடுப்பதில்லை. எங்கட பிள்ளைகள் தூங்கின பிறகு இருந்து கணக்கு எழுதுகிற அந்த மனிசரை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். ஆனால் காசு தருகிறது டொக்டர்மார் மட்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். 2004 மார்கழி 26இல் பருத்தித்துறைக் கரையைக் கடல் அடித்தபோது இந்தக் கிங்ஸ்பரி ரோட்டில் கடைகளில் வேலை செய்தவர்கள் அந்தக் கிழமைச் சம்பளத்தை அப்படியே கொடுத்ததை நான் கண்ணால் கண்டவன். மாதம் ஐந்து பவுண் தரக்கூடிய ஐந்நூறு பேர் ஐம்பது பவுண் தருகிற ஐம்பது பேருக்குச் சமன். அந்த ஐந்நூறு பேரை யாரும் கேட்பதில்லை. கேட்காததற்குக் காரணம் அவர்களின் பெயர் யாரிடமும் இல்லை.

நல்ல உதாரணமும் கைக்கெட்டின தூரத்தில் இருக்கு. பக்கத்து ஊர் வல்வெட்டித்துறையின் சிதம்பராக் கல்லூரிப் பெயரில் இந்த நாட்டில் பிள்ளைகளுக்குக் கணிதப் போட்டி ஒன்று நடத்துகிறார்கள். எந்த ஊர்ப் பிள்ளையும் எழுதலாம். தகப்பன் என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. எங்கட கடைக் குசினியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயரை இங்கே பிறந்த பிள்ளையின் வாயில் கொண்டு வந்து வைத்ததற்கு அந்த ஊர்க்காரருக்கு ஒரு சபாஷ் போட வேணும். வடமராட்சியில் ஊருக்கு ஊர் போட்டி என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேணும்.

சரி, என்ன செய்யலாம்? குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் என்று என்னைச் சொல்லக்கூடாது. மூன்று விசயம் சொல்கிறேன்.

ஒன்று, திகதி. வருசத்தில் ஒரு நிகழ்ச்சியையாவது ஞாயிறு காலையில், பார்க்கில் அல்லது ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ரிக்கெட் இல்லாமல் வையுங்கோ. றோ கிறீன் பார்க்கில் ஒரு பெரிய மரத்துக்குக் கீழே வைத்தாலும் போதும். ஆளுக்கு ஒரு சட்டி கறி கொண்டு வரட்டும். எங்களுக்குப் பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் வேலை.

இரண்டு, காசு. சேருகிற காசில் பாதி ஓ.எல்லோடு நிற்கிற பிள்ளைகளுக்கு. கணக்கும் இங்கிலிசும் திரும்ப எழுத வகுப்பு, இல்லாவிட்டால் கைத்தொழில் படிக்கச் சிலவு. மிச்சப் பாதியில் கட்டிடமோ பதக்கமோ என்னவோ கட்டுங்கோ. நான் மறிக்கமாட்டேன்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இடாப்பு. 1984 செப்டெம்பரில் பருத்தித்துறையில் பொலிஸ்காரர் வைத்த நெருப்பில் ஹாட்லியின் நூலகம் எரிந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை உலகம் முழுக்கத் தெரியும், இதை வடமராட்சிக்கு வெளியில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு சண்டை, இடப்பெயர்வு, முகாம், சுனாமி. இவ்வளவுக்கும் பிறகு பள்ளிக்கூட அலுமாரியில் எந்தத் தாள் மிஞ்சியிருந்தாலும், யார் யார் எங்களோடு இருந்தது, பிறகு எங்கே போனது என்பது அதில் இராது. அது எங்கட மண்டைக்குள்தான் இருக்கு. எழுபது வயதுக்காரருக்கு இப்போதே மறக்கத் தொடங்கிவிட்டது. எங்களுக்கும் வரும்.

ஆகவே ஒவ்வொரு வருசத்து ஆட்களும் தங்களுடைய ஆறாம் ஆண்டு வகுப்பின் பெயர்களை எழுதட்டும். ஏ.எல் வகுப்பை எழுத வேண்டாம், ஆறாம் ஆண்டை எழுதுங்கோ. பாஸ் பண்ணினவன், நின்றவன், செத்தவன், காணாமல் போனவன், இயக்கத்துக்குப் போனவன், போகாமல் ஒளித்தவன், கடலுக்குப் போகிறவன், கோப்பை கழுவுகிறவன் எல்லாரும் ஒரே எழுத்தில், அகர வரிசையில். பெயருக்கு முன்னால் டொக்டரும் வேண்டாம், கலாநிதியும் வேண்டாம். பெயர் போடுவதால் யாருக்கும் கரைச்சல் வரும் என்றால் முதலெழுத்து மட்டும் போடலாம். உயிரோடு இருக்கிறவர்களைக் கேட்டுவிட்டுப் போடலாம். இதற்கு மண்டபமும் தேவையில்லை, கேற்றரிங்கும் தேவையில்லை. ஒரு கொப்பியும் நாலு ரெலிபோன் அழைப்பும் போதும்.

நான் தொடங்கிவிட்டேன். கடை பூட்டின பிறகு ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் எடுத்து, முனையில் இருக்கிறவனோடு வாட்ஸ்அப்பில் கதைத்து, 42 பேரில் 37 பேரின் பெயர் எழுதியாகிவிட்டது. மிச்சம் ஐந்து பேர். ஒருவன் கடைசி வாங்கில் யன்னல் பக்கம் இருந்தவன், நல்லாப் படம் கீறுவான். ஒருவனுக்கு ஒரு கண் கொஞ்சம் சாய்வு. ஒருவன் 92இல் போனவன், வலிகாமப் பக்கத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளை. மற்ற இரண்டு பேரும் தும்பளையால் ஒரே சைக்கிளில் வருவார்கள், ஒருவன் மிதிப்பான், ஒருவன் பாரில் இருப்பான். முகம் எல்லாம் இருக்கு, பெயர் வருகுதில்லை.

1990இல் ஹாட்லியில் ஆறாம் ஆண்டு படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால் சொல்லுங்கோ. மற்ற வருசத்துக்காரரும் மற்றப் பள்ளிக்கூடத்துக்காரரும் உங்கட கொப்பியை எடுங்கோ.